சேர் சொன்ன பாதை

உயர்தர வகுப்பில் கணிதப் பிரிவுதான் எடுப்பேன் என்று மகள் ஒற்றைக்காலில் நிற்கிறாள். எங்கள் ஊர்ப் பள்ளியில் அது இல்லை. அதனால் இன்று வாவிக்கு அக்கரையில் கணிதம் படிப்பிக்கும் சேரிடம் அவளைக் கூட்டிக்கொண்டு போனேன். அவர் வெளியூரிலிருந்து புதிதாக வந்தவர்.

ஓ.எல். பரீட்சையோடு கணக்கு என்னை வீட்டுக்கு அனுப்பிவிட்டது. ஆனாலும் தைரியமாகக் கேட்டேன்.

"கலைப்பிரிவு எடுத்தா லேசாக் கெம்பஸ் கிடைக்கும் எண்டுறாங்களே சேர். கணிதம் எடுத்தா கிடைக்குமா?"

"கெம்பஸில பொறியியல் படிக்கிறதெண்டா கணிதம் வேணும் ஐயா. பின்னேர வகுப்புக்கும் ஒழுங்கா வந்தா பிள்ளைக்கு நல்ல பாதை இருக்கு."

"பாதை பொழுதுபட முந்தியே நிண்டிரும் சேர். மறுகா ஆமிக்காரன் விடமாட்டான்."

சேர் முழித்தார். மகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"அப்பா, சேர் சொன்னது வேற பாதை!" என்றவள், அவர் பக்கம் திரும்பி, "வாவியக் கடக்கிற படகத்தான் நாங்க பாதை எண்டு சொல்ற சேர்" என்றாள்.

அவர் சிரிக்கவில்லை. "வகுப்பு முடிய இருட்டிப்போம். இஞ்ச தங்கிப் படிக்கச் சொந்தக்காரர் ஆரும் இருக்கினமோ?"

மகள் என் முகத்தையே பார்த்தாள்.

"தங்கச்சி வீடு இருக்குது சேர்" என்றேன்.

திரும்பி வரும்போது, மாமி வீட்டுக்கு எந்தெந்த உடுப்பைக் கொண்டுபோவது என்று வழிநெடுகச் சொல்லிக்கொண்டே வந்தாள். அவளுக்குக் கெம்பஸ் கிடைக்க வேண்டுமென்று அவளைவிட எனக்குத்தான் ஆசை. ஆனால் பக்கத்தில் இருக்கும்போதே அவளை மனம் தேடத் தொடங்கிவிட்டது.

கணிதம் படித்தவர்களே, இதற்கு ஏதும் சூத்திரம் இருந்தால் கீழே எழுதுங்கள். விளங்காவிட்டால் மகளிடம் கேட்டுக்கொள்கிறேன், அவள் வீட்டுக்கு வரும் நாளில்.