கணக்கில் வராத கோபம்

1975ஆம் ஆண்டு பரிசுத்த ஆண்டு என்று கோயிலில் அறிவித்த நாள் முதல் லூர்த்தம்மாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. பருத்தித்துறைச் சந்தையில் மீன் விற்கிற வாய், விலை சொல்வதை மறந்து யாத்திரையைப் பற்றியே சொல்லிக்கொண்டிருந்தது. சுவாமியாரிடம் பாவங்களைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்து, இருபது மைல் நடந்து, யாழ்ப்பாணப் பெரிய கோயிலில் நற்கருணை நன்மை வாங்கினால், பாவத் தண்டனையெல்லாம் நீங்கும் பரிபூரண பலன் கிடைக்கும். அதை இறந்தவர்களுக்கும் ஒப்புக்கொடுக்கலாமாம்!

அவளுக்கு வேறென்ன வேண்டும்? புருஷன் அடைக்கலநாதன் ஆறு வருஷத்துக்கு முன் கடலோடு போனவர். கடைசிப் பாவசங்கீர்த்தனம் இல்லை, சாகும் வேளையில் எண்ணெய் பூசும் அவஸ்தைப்பூசுதல் இல்லை, அடக்கம் செய்ய உடல்கூட இல்லை. அந்த மனுஷனை உத்தரிக்கிற ஸ்தலத்திலிருந்து மோட்சத்தில் ஏற்றிவிடலாமென்றால், இருபது மைல் என்ன, இருநூறு மைலும் நடப்பாள்.

ஆனால் பகையை வைத்துக்கொண்டு நடந்தால் பலனில்லை என்றார் சுவாமியார். லூர்த்தம்மா வரிந்து கட்டிக்கொண்டு இறங்கினாள். மச்சாளோடு ராசியானாள், கோயில் பாட்டுக்காரப் பெண்களோடு ராசியானாள். கோயில் வேலை பார்க்கும் சங்கிலித்தாம் நீக்கிலாப்பிள்ளை, என்ன சண்டை என்று ஞாபகமில்லாமலே அவளை மன்னித்தார். வருஷா வருஷம் அடைக்கலநாதனின் நினைவுநாளில், அவள் கோயிலுக்குப் போகுமுன்பே ஒரு மெழுகுதிரி எரிந்துகொண்டிருக்கும். அது அவர் வேலைதான் என்று நினைத்து ஒரு பெரிய விளைமீனும் கொடுத்தாள். மனுஷன் மறுபேச்சில்லாமல் வாங்கிக்கொண்டார்.

யாத்திரைக்கு முதல்நாள் பின்னேரம் பாவசங்கீர்த்தனத்தில் அடித்துச் சொன்னாள்.

“எங்கடை வேதக்காரர் ஒருத்தரோடையும் எனக்குக் கோவமில்லை, சுவாமி!”

“சைவக்காரரோடை?”

அட, சைவக்காரி தங்கமுத்துவோடு உள்ள கோபமும் இதில் சேர்த்தியா!

சந்தையில் பக்கத்து மீன் கடகம் தங்கமுத்துவுடையது. அடைக்கலநாதன் கடலோடு போன அன்று, ஒரே வள்ளத்தில் போன இருவரில் தங்கமுத்துவின் புருஷன் மார்க்கண்டு மட்டுமே கரை சேர்ந்தார். “என்ரை மனுசனைக் கடலுக்குக் குடுத்திட்டு வந்தவன்!” என்று லூர்த்தம்மா சந்தை நடுவில் கத்தினாள். அதற்குப் பிறகு ஆறு வருஷம், பக்கத்தில் பக்கத்தில் இருந்தும் பேச்சில்லை.

நேரே சந்தைக்கு ஓடினாள்.

“தங்கமுத்து, நான் அண்டைக்குச் சொன்னது பிழை. கடல் செய்ததுக்கு மார்க்கண்டண்ணை என்ன செய்வார்? என்னை மன்னிச்சுக்கொள்.”

தங்கமுத்து மீன் வெட்டிய கத்தியைக் கீழே வைத்தாள். எழுந்து போய், எதிர்க்கடையில் ஒரு மெழுகுதிரி வாங்கி வந்து நீட்டினாள்.

“இதைப் பெரிய கோயில்லை கொளுத்து. இவரும் வருசா வருசம் உன்ரை மனுசன்ரை நாளிலை, விடியமுன்னம் போய் உங்கடை கோயில்லை ஒண்டு கொளுத்திறவர். உனக்குச் சொல்லக் கூடாதெண்டு சொன்னவர்.”

லூர்த்தம்மா அந்த இடத்திலேயே உட்கார்ந்து அழுதாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு மெழுகுதிரியைத் திருப்பிக் கொடுத்தாள்.

“நான் கொளுத்தமாட்டன். அண்ணையே வந்து கொளுத்தட்டும். விடிய அஞ்சு மணிக்கு வெளிக்கிடுறம்.”

மறுநாள் விடியற்காலை, சிலுவைக்குப் பின்னால் செபமாலை சொல்லிக்கொண்டு போன சனத்துக்குள், நெற்றி நிறையத் திருநீற்றோடு மார்க்கண்டும் நடந்தார்.