புளியங்கிளையில் தொங்கிய சேலை

ஏழுமலை மாஸ்டர் போய்விட்டார் என்று பக்கத்து வீட்டு ஃபோனில் சேதி வந்தபோது, "எந்த ஏழுமலை?" என்றுதான் கேட்டேன். நம் பள்ளி டிரில் மாஸ்டரையும் சாவையும் சேர்த்து நினைக்க எனக்கு வரவில்லை. போன மாதம்தான் திருப்பத்தூர் பஸ் நிலையத்தில், தோளில் பலாப்பழத்தோடு நின்று, "இன்னா டீச்சர், இப்டி எளச்சிட்டீங்க?" என்று வம்புக்கு இழுத்தார். இன்னும் நம்ப முடியவில்லை.

ஜவ்வாது மலையில் அவரோடு வேலை பார்த்த உங்களுக்கு அருவியின் வழக்கம் நினைவிருக்கும். பாதை கீழே இறங்கும் இடத்தில் இருந்த புளியங்கிளையில் சேலை தொங்கினால், பெண்கள் குளிக்கிறார்கள் என்று பொருள். அதை எடுக்கும்வரை ஆண்கள் மேலேயே இருப்பார்கள். ஒருவரும் எட்டிப் பார்க்க மாட்டார்கள். புதிதாக மலையேறி வந்த எனக்கு அது பெரிய நிம்மதியாக இருந்தது.

எழுபதுகளின் நடுவில், மழை விட்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, அந்த வழக்கமே எனக்கு எமனாக வந்தது. மாற்றுச் சேலையைக் கிளையில் போட்டுவிட்டுத் தனியாக இறங்கினேன். பாறை இடுக்கில் கால் மாட்டிக்கொண்டது. இடுப்பளவு தண்ணீர் மார்புக்கு ஏறியது. தொண்டை கிழியக் கத்தினேன். அருவி இரைச்சலில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. மேலே, சாமைக் கொல்லையிலிருந்து குளிக்க வந்தவர்கள் பீடி பிடித்தபடி காத்திருந்தார்களாம். அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன்.

அந்தப் பக்கம் வந்த மாஸ்டர், "எம்மா நேரமா தொங்குது?" என்று கேட்டிருக்கிறார்.

"மத்தியானத்திலேர்ந்து தொங்குதுங்க."

"அப்பறம் இன்னாத்துக்குக் குந்திக்கினு கீறீங்க?"

சேலையை உருவிக்கொண்டு இறங்கிவிட்டார். பாறைக்கு அந்தப் பக்கம் முதுகைக் காட்டி நின்று, அதை என் பக்கம் வீசினார். "மொதல்ல இத்த சுத்திக்கங்க டீச்சர். அப்பறம் கூப்டுங்க, வர்றேன்." சுற்றிக்கொண்டு கூப்பிட்டதும் வந்து, இடுக்கிலிருந்து என் காலை விடுவித்துக் கரையேற்றினார்.

பெண்கள் குளிக்கும் நேரத்தில் இறங்கிவிட்டாரே என்று பிறகு ஊரில் சிலர் முகம் சுளித்தார்கள். டீக்கடையில் வைத்தே பதில் சொன்னார்: "சேலைக்கு மரியாத குட்த்தீங்க, சரி. உள்ள கீறவங்க இன்னா ஆனாங்கன்னு பாக்க வேணாமா?"

அப்படிக் கேட்ட மாஸ்டர், தன் மகன் வீட்டுக் குளியலறையில் விழுந்திருக்கிறார். உள்ளே தாழ்ப்பாள். குழாய் கொட்டிக்கொண்டே இருந்திருக்கிறது. "தண்ணி சத்தம் கேட்டுச்சி டீச்சர். அப்பா குளிச்சிக்கினு இருக்காருன்னு வெளியவே இருந்துட்டோம்" என்று மகன் அழுதான். இதென்ன கொடுமை. எனக்கு வந்த ஆள் அவருக்கு வரவில்லையே.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது ஒன்றுதான். காரியம் முடிந்து வந்ததிலிருந்து, வீட்டில் யார் குளிக்கப் போனாலும் சற்று நேரத்தில் கதவைத் தட்டுகிறேன். "நிம்மதியா குளிக்கக்கூட வுட மாட்டியா?" என்று என் வீட்டுக்காரர் உள்ளேயிருந்து கத்துகிறார். கத்தட்டும். அந்தக் குரல் வந்த பிறகுதான் நான் அடுப்படிக்குப் போகிறேன்.