ஐயா கொடுக்காத வாக்குத்தத்தம்

புது வருஷ ஆராதனை முடிந்ததும் எங்கள் சபையில் ஒரு தட்டு வரும். வசனம் அச்சடித்த அட்டைகள் அதில் கவிழ்ந்து கிடக்கும். கையில் வருவதுதான் அந்த வருஷத்துக்கு ஆண்டவர் தரும் வாக்குத்தத்தம். என் மனைவிக்கு அந்த முறை குணமாவதைப் பற்றிய வசனம் வந்தது. அவளுக்குக் கர்ப்பப்பையில் புற்று. எல்லாரும் கைதட்டினார்கள்.

ஐயா தட்டவில்லை. அவர் வேதபாட ஆசிரியர். எபிரெயு, கிரேக்கு எல்லாம் படித்தவர். வேதத்தில் ஒரு எழுத்தும் பொய் இல்லை என்று நம்புகிறவர். ஆனால் அட்டை எடுக்க மாட்டார். சேக்காட்டில் எங்கள் தெருவில் தனியாக இருந்தார். சபையில் அவரோடு பேசுகிறவர்கள் குறைவு.

நான் பாடியில் ஒரு பட்டறையில் லேத் ஓட்டுகிறவன். படிப்பு எட்டாவதோடு சரி. அட்டையை எடுத்துக்கொண்டு அவரிடம் போனேன்.

"இது அவளுக்குத்தானே ஐயா?"

கண்ணாடி போட்டுப் படித்தார். "இது அந்தக் காலத்துல சிறையிருப்புல இருந்த ஒரு ஜனத்துக்குச் சொன்னதுப்பா. உன் வீட்டுக்காரிக்குன்னு என்னால சொல்ல முடியாது."

"அப்போ ஆண்டவர் கொணமாக்க மாட்டாரா?"

"ஆக்கலாம். கேளு. நானும் கேக்குறேன். அவர் சொல்லாதத சொன்னார்னு மட்டும் சொல்ல மாட்டேன்."

எழுந்து வந்துவிட்டேன்.

மறுநாள் அவரே வீட்டுக்கு வந்தார். அவள் படுத்தபடியே கேட்டாள். "இன்னா ஐயா, எங்க ஊட்டுக்காரர அழ வெச்சி அனுப்புனீங்களாமே?"

"அழுதானா?"

"அது எங்க அழும். சோறு துன்னாம குந்திகினு கீது."

அவர் உட்கார்ந்ததும், "நான் பொழைப்பனா ஐயா?" என்றாள்.

"தெரியலம்மா."

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். "வர்றவங்கல்லாம் பொழைச்சிட்டேன்னு சொல்லிட்டுப் போறாங்க. சாவப் பத்தி வாயத் தொறந்தா விசுவாசம் இல்லன்றாங்க. நான் யாராண்ட பேசுறது?"

"இவன்கிட்டப் பேசும்மா" என்றார் ஐயா. ஜெபம் பண்ணிவிட்டுப் போனார்.

அன்றைக்குப் பேசினாள். எந்தப் புடவை, எந்தக் கல்லறை எல்லாம் சொன்னாள். நான் இன்னொரு கல்யாணம் பண்ணிக்கொள்ளலாம் என்றாள். "உன்ன நம்பி எவ வருவா" என்று அவளே சிரித்தாள். நான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

மழைக்காலத்துக்கு முன்பே போய்விட்டாள். எங்களுக்கு விசுவாசம் போதவில்லை என்று சபையில் பேசிக்கொண்டார்கள்.

ஐயா இப்போதும் தனியாகத்தான் இருக்கிறார். நானும் அப்படித்தான். ஞாயிற்றுக்கிழமை மதியம் அவர் வீட்டுக்குப் போவேன். அவர் படிப்பார். நான் உட்கார்ந்திருப்பேன். ஒருநாள் கேட்டேன், அவளை மறுபடி பார்ப்பேனா என்று.

"பாப்ப" என்றார். யோசிக்கவில்லை. "அது வேதத்துல சொல்லியிருக்கு."

அதற்கப்புறம் நான் அதைக் கேட்கவில்லை.