வைக்கோலுக்கு ஒரு கதவு

முழங்கை நீளத்துக்கு ஒரு கைப்பிடி, அதை இழுத்தால் திறக்கும் ஓர் இரும்புத் தகடு. சாத்தாங்காடு இரும்புச் சந்தையில் நான் வேலை செய்த பட்டறையில் கேட், ஜன்னல், லாரித் தொட்டி என்று எதற்கெல்லாமோ வெல்டிங் வைத்திருக்கிறேன். ஒன்றுகூட நினைவில் இல்லை. இந்தத் தகடு மட்டும் கண்ணிலேயே நிற்கிறது. காரணம், திருவொற்றியூரில் எங்கள் தெருவில் மாடு வைத்திருந்த பால்கார அக்கா.

பொன்னேரிப் பக்கத்து விவசாயி ஒருவர் சொந்தமாக நெல் அறுவடை இயந்திரம் வைத்திருந்தார். அறுத்த பின் சாலையோர வயல்களில் கிடக்கும் வைக்கோலை மாட்டுக்காரர்கள் அள்ளிப் போவார்கள். உள்வயல்களில் கிடப்பதை அள்ள ஆளில்லாமல் கொளுத்திவிடுவார். புகைக்காக ஊரெல்லாம் பேச்சு வாங்கி அலுத்துப்போய், வைக்கோலைப் பொடியாக வெட்டி வயலிலேயே தூவுகிற கருவியை இயந்திரத்தின் பின்னால் மாட்டித் தரச் சொல்லி எங்கள் முதலாளியிடம் வந்தார். தூவினதை உழுதுவிட்டால் மண்ணில் மக்கிவிடும்.

கருவி தயாரானது. ஓட்டிப் பார்க்க வைக்கோல் வேண்டும். இரும்புச் சந்தையில் அதற்கு எங்கே போவது? நான்தான் முந்திரிக்கொட்டை மாதிரி அக்காவிடம் ஒரு கட்டு கேட்டேன். "இரும்புக் கடைல வைக்கோல் இன்னாத்துக்கு நைனா, கிரேனு துன்னுமா?" என்று கிண்டல் செய்துகொண்டே அவரே ஆட்டோவில் ஏற்றி வந்தார்.

மோட்டாரைப் பூட்டி ஓட்டினோம். கட்டைப் பிரித்துப் போட்டதும் பட்டறை முழுக்க மஞ்சள் தூசு. முதலாளிக்கு மீசையெல்லாம் வைக்கோல், முகமெல்லாம் சிரிப்பு. அக்கா மட்டும் கீழே விழுந்ததில் ஒரு பிடி அள்ளிப் பார்த்தார். எந்த ஊர் வண்டிக்கு என்று கேட்டார். சொன்னேன்.

"அவுரு வயல்லேர்ந்துதான் நைனா எனக்கு வைக்கோலு வருது. சேத்துல இப்டி தூவிட்டா யாரு பொறுக்குறது? என் மாடுங்க இன்னா துன்னும்?"

முதலாளியின் சிரிப்பு போய்விட்டது. வந்த வேலையை விடவும் முடியாது, அக்காவின் முகத்தைப் பார்க்கவும் முடியாது. தலையைச் சொறிந்துகொண்டே கருவியைச் சுற்றிச் சுற்றி வந்தவர் கடைசியில், "வெட்டுற பிளேடுக்கு முன்னாடி ஒரு கதவு வெச்சிடு. தொறந்தா வைக்கோலு வெட்டுப்படாம நீட்டா கீழ வுழணும்" என்றார். அப்படி வந்ததுதான் அந்தத் தகடு.

அதைத் திறக்க விவசாயி சம்மதிக்க வேண்டுமே. அக்கா நேரில் போய்க் கேட்டார். அவர் யோசித்து, "ரோட்டோரத்துல மட்டும் திறந்துவிடச் சொல்றேன்மா. உள்ள இருக்கறது என் மண்ணுக்கு" என்றார். சொன்ன வாக்கை ஒவ்வொரு அறுவடையிலும் காப்பாற்றினார். கருவியைச் சரிபார்த்துத் தர நானும் போவேன். சாலையோரம் வந்ததும் வண்டியை நிறுத்துவார்கள். நான் பின்னால் போய்க் கைப்பிடியை இழுப்பேன். வைக்கோல் முழுசாக வரிசை கட்டி விழும். வரப்பில் காத்து நிற்கும் அக்கா இறங்கிச் சுருட்டிக்கொண்டே வருவார்.

சில வருஷங்களில் எங்கள் தெரு நெருக்கடியாகிவிட்டது. மாடு கட்ட இடமில்லை, அக்கம்பக்கத்தில் தினமும் சண்டை. இருந்த மாடுகளை அக்கா ஒவ்வொன்றாக விற்றார். கடைசி மாடு போனது எனக்கே தெரியாது. வைக்கோல் அள்ள வந்த மற்ற மாட்டுக்காரர்களும் முன்பே நின்றுவிட்டார்கள். அடுத்த அறுவடையிலும் அக்கா வரப்பில் நின்றார். வழக்கம்போல வண்டி நின்றது, நான் கைப்பிடியில் கை வைத்தேன். அக்கா சேற்றில் இறங்கி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"வோணா நைனா. மூடியே இருக்கட்டும். வூட்ல மாடு இல்ல."

வண்டியோடு வந்திருந்த விவசாயிக்குப் புரியவில்லை. "வைக்கோல் வேண்டாம்னா இவ்வளவு தூரம் ஏம்மா வந்தீங்க?" என்றார்.

"நான் சொல்லலன்னா நீங்க எனக்கோசரம் தொறந்து வுட்டுகினே இருப்பீங்களே சார்."

விவசாயி தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். நான் செய்த கதவைத் திறக்காமல் விடுவது எனக்கு அப்படி வலிக்கும் என்று நினைத்ததே இல்லை. வண்டி நகர்ந்தது. சாலையோர வயலிலும் வைக்கோல் பொடியாகிப் பறந்தது. முதல் தடவையாக அந்த வயலுக்கும் அதன் பங்கு கிடைத்தது.