சாளை தின்ற உள்ளி

நான் ஒரு மடையன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஊரார் சொல்லி நீங்கள் கேட்பதைவிட நானே சொல்லிக்கொள்வது மரியாதை. தென்னைக்கு ஆவது வெங்காயத்துக்கும் ஆகும் என்று நம்பி, கடல் மீனைக் கொண்டுபோய் உள்ளிப் பாத்தியில் புதைத்தவன் நான்.

நாங்கள் பயிரிட்ட விளை எங்களுடையதல்ல. வடசேரிக்காரர் ஒருவரிடம் பாட்டக் குத்தகைக்கு வாங்கியது. அதிலிருந்த கிணறு மட்டும் எங்கள் வேலை. நான் வெட்ட, என் மனைவி மண் சுமந்தாள். முந்தின இரண்டு வெள்ளாமையும் மழையோடு போயிற்று. "இந்தத் தடவையும் உள்ளி விளையலேன்னா, விளைய வேற ஆளுக்குக் குடுத்திருவேன்" என்று சொல்லிவிட்டார் விளைக்காரர்.

எல்லோரும் உள்ளிக்குச் சாம்பலும் ஆட்டுப் புழுக்கையும் போட்டுவிட்டு அதன் பாட்டுக்கு விட்டுவிடுவார்கள். எனக்கு அது போதவில்லை. அந்த நேரம் பார்த்து இராஜாக்கமங்கலம் கரையில் சாளை குவியல் குவியலாகப் பட்டது. தின்ன ஆளில்லாமல் தென்னந்தோப்புகளுக்கு உரமாக அள்ளிக்கொண்டு போனார்கள். அவ்வளவு உயர மரத்தையே காய்க்கவைக்கிற மீன், இந்தக் குட்டைப் பயிரை என்னவெல்லாம் செய்யாது! ஒரு வண்டி ஏற்றிக்கொண்டு வந்தேன்.

"பயிருக்கு உரம் போடுதியளா, ஊர்ப் பூனைக்கு விருந்து வைக்கியளா?" என்றாள் மனைவி.

"சும்மா கெட ஏட்டி. ஒவ்வொரு உள்ளியும் தேங்கா மாதிரி வரும். அரிஞ்சு மாளாம நீ அழப்போற."

"அழுக இப்பமே வருகு" என்று மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை வேதக்கோயிலில் என் பாயில் படுத்து உறங்கும் அளவுக்கு இடம் கிடைத்தது. பக்கத்தில் யாரும் உட்காரவில்லை.

ஆனால் பயிர் எழும்பியதைப் பார்க்க வேண்டுமே! தாள் கருகருவென்று முழங்காலைத் தாண்டியது. அந்தக் களிப்பில் இன்னொரு வண்டி சாளை. அக்கம்பக்கத்து விளைகளில் தாள் பழுத்துச் சாய்ந்து, உள்ளி பறித்தும் ஆயிற்று. என்னுடையது மட்டும் விறைப்பாக நின்றது.

"மக்கா, நீ உள்ளி நட்டியா, கோரை நட்டியா?" என்று கேட்டான் பக்கத்து விளைக்காரன். பொறாமை என்று நினைத்தேன். அவன் வயிறு நன்றாக எரியட்டும் என்று வடசேரிக்கு ஆளனுப்பி விளைக்காரரையே வரவழைத்தேன்.

அவர் வந்து வரப்பில் நின்றார். அந்தப் பச்சையைக் கண்டு அவர் முகத்தில்கூட ஒரு சிரிப்பு வந்தது.

"ஒண்ணப் பிடுங்கு, பாப்போம்."

பிடுங்கினேன். கீழே விரல் தடிப்பில் ஒரு வெள்ளைத் தண்டு. அதற்குக் கீழே வேர். உள்ளி இல்லை. இன்னொன்றைப் பிடுங்கினேன். மனைவி ஓடிவந்து அடுத்த பாத்தியில் பிடுங்கினாள், அதற்கடுத்ததிலும் பிடுங்கினாள். தின்ற சாளை முழுவதையும் தாளே கொண்டுபோயிருந்தது. அவள் கையிலிருந்ததைக் கீழே போட்டுவிட்டுக் கிணற்றடியில் போய் உட்கார்ந்தாள்.

"தாளு நல்ல எளசா இருக்கு அண்ணாச்சி, துவரன் வச்சுத் திங்கலாம்" என்றேன். ஒருவரும் சிரிக்கவில்லை. நானும் சிரிக்கவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

அவர் திரும்பி நடந்தார். நான் வேலிப் படல் வரைக்கும் பின்னாலேயே போனேன்.

"அண்ணாச்சி, அந்தக் கெணறு நாங்க வெட்டினதாக்கும்."

"போவும்போ படலச் சாத்திட்டுப் போ."