ஒரே தாளில் அடங்கிய கோரிக்கைகள்

பேங்கு வேலை பார்த்தவனுக்கு ஊரார் வரும்படியெல்லாம் அத்துப்படி. தன் சம்பளம் மட்டும் எந்த மாதமும் போதாது. கவுண்டருக்குப் பின்னால் உட்கார்ந்து காலம் தள்ளிய சகோதரர்களே, இதைப் படித்துவிட்டு நீங்களும் கொஞ்சம் தலையைக் குனியுங்கள். எனக்குத் துணை வேண்டும்.

உச்சவரம்பு

அறுபதுகளின் நடுவில், அரிசி கிடைக்காத வருஷம். விழுப்புரம் கிளையில் நான் டைப்பிஸ்ட் குமாஸ்தா. பேங்குகளின் பெரிய அதிகாரிகள் சம்பளத்துக்கு உச்சவரம்பு வைக்கப் போகிறார்கள் என்று ஒரு நாள் பேச்சு அடிபட்டது. எங்களுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. அதனால் எங்களுக்குக் காலணா வரப்போவதில்லை. ஆனாலும் பட்டணத்தில் யாருக்கோ குறையப் போகிறதே! பேனாவை மூடி வைத்துவிட்டு அரைமணி நேரம் அதையே பேசித் தீர்த்தோம்.

கெடாரிலிருந்து வந்த விவசாயி ஒருவர் பித்தளை டோக்கனோடு அவ்வளவு நேரமும் நின்றிருந்தார். பொறுக்க முடியாமல் கம்பிக்குள் எட்டிப் பார்த்தார். "ஏங்க, அந்தப் பெரிய ஆபீசருக்குக் கொறைச்சா எங்கூரு கடைக்கு அரிசி வந்துடுமா? வரும்னா சொல்லுங்க, சாயங்காலம் வரிக்கும் நின்னுக்கினு இருக்கேன்."

கறுப்புத் துணி

உச்சவரம்புப் பேச்சு அதோடு அடங்கியது. அடுத்து எங்கள் பஞ்சப்படியை உயர்த்தக் கேட்டுப் போராட்டம். சட்டையில் கறுப்புத் துணி குத்திக்கொண்டு வேலை பார்த்தோம். அந்தத் துணியை நறுக்கி, குண்டூசி வைத்துக் கொடுத்தவள் அஞ்சலை. கிளையைப் பெருக்கி, குடிதண்ணீர் பிடித்து வைப்பவள். அவளுக்குச் சம்பளம் என்று ஒன்று கிடையாது. சில்லறைச் செலவுக் கணக்கில், துடைப்பத்தோடும் மைப்புட்டியோடும் சேர்த்து அவளுக்கும் ஏதோ கொடுப்பார்கள்.

எல்லாருக்கும் குத்தி முடித்துவிட்டு, சங்கத்தின் கோரிக்கை மனுவை நான் டைப் அடித்துக்கொண்டிருந்த மேஜையருகே வந்தாள். "சார், மூணு மாசமா புள்ளைங்களுக்கு ஒரு வேளை கேப்பைக் கூழுதான். நீங்க அடிக்கிற பேப்பர்ல எம்பேரையும் ஒரு ஓரமா போடுங்க. நானும் இந்த ஆபீசுதானே?"

பத்தாவது கோரிக்கை

போடுகிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். பதினோராவதாக அவளுக்கு மாதச் சம்பளம் கேட்பதாகத் திட்டம். டைப் அடித்துக்கொண்டே வந்தால், பத்தாவதோடு தாள் முடிந்துவிட்டது. கையெழுத்துக்கு மட்டும்தான் இடம். இன்னொரு தாள் என்றால் மறுபடி கார்பன் வைத்து ஆறு காப்பி. விரல் வலித்தது என்று இன்றைக்குச் சொல்லிக்கொள்கிறேன், உண்மையில் சோம்பல்தான். அந்தப் பத்தாவது கோரிக்கை என்ன தெரியுமா? எங்கள் சைக்கிள்களை நிறுத்த ஒரு கூரை. அதை எடுத்துவிட்டு அவளைப் போட்டிருக்கலாம். தோன்றவே இல்லை.

சங்கச் செயலாளரான ஹெட் கேஷியரைக் கேட்டேன். தாளைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார். "விடுப்பா, தபாலுக்கு நேரமாச்சு. அவளுக்கு என்ன படிக்கவா தெரியும்? அடுத்த வாட்டி போட்டுக்கலாம்."

லட்டு

ஜெயித்தோம். பஞ்சப்படி வந்தது, கூரையும் வந்தது. லட்டு கொடுத்தபோது அஞ்சலை அதைத் தின்னாமல் முந்தானையில் முடிந்துகொண்டாள். உண்மையைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஒன்றாம் தேதி சம்பள ரிஜிஸ்டரில் ஸ்டாம்பு ஒட்டிக் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தோம். வரிசையின் கடைசியில் அஞ்சலை வந்து நின்றாள். கட்டைவிரலில் மை தயாராக இருந்தது. ஹெட் கேஷியர் என்னைப் பார்த்தார், நான் ரிஜிஸ்டரைப் பார்த்தேன். அவள் புரிந்துகொண்டு விரலைப் புடவையில் துடைத்தாள். "பரவால்ல சார். புது சைக்கிள் கூரையையும் நான்தான் பெருக்கணுமா, அத்த மட்டும் சொல்லிடுங்க."

திண்டிவனம்

நானே எழுதிக் கேட்டு திண்டிவனத்துக்கு மாற்றல் வாங்கிக்கொண்டேன். குடும்ப வசதிக்காக என்று மனுவில் பொய் எழுதினேன். இரண்டு வருஷம் கழித்து, அங்கே பஸ் ஸ்டாண்டில் அஞ்சலை எதிரே வந்துவிட்டாள். தலைமுடியெல்லாம், எங்கள் பக்கத்தில் மல்லாட்டை என்கிற வேர்க்கடலையின் தொலித் தூசி. ஒளிந்துகொள்ள இடம் தேடினேன். அவளோ சிரித்துக்கொண்டே வந்து, என் குழந்தைகள் சௌக்கியமா என்று விசாரித்தாள். வேலை எங்கே என்று கேட்டேன்.

"இங்க மல்லாட்டை மில்லுல சார். எம்பேரு எழுதி வச்சிக்கிறாங்க. பேப்பர்ல இல்லிங்க, செவுத்துல, கரிக்கட்டியால. ஆனா இருக்குதுங்க."

பெரிய அதிகாரிகள் சம்பளத்துக்கு வரம்பு வேண்டுமா வேண்டாமா என்று இப்போது யார் கேட்டாலும், நான் சைக்கிளுக்கு நிழல் கேட்டு வாங்கியவன், என்னைக் கேட்காதீர்கள் என்று சொல்லிவிடுகிறேன்.