அழகிரி போடும் டீசல்

முதல் கால் லிட்டரை அழகிரி வண்டிக்குள் விடமாட்டார். கண்ணாடி பாட்டிலில் பிடித்து வெயிலுக்கு நேராகத் தூக்கிப் பார்ப்பார். பிறகு வண்டியை ஓரங்கட்டி, பாட்டிலைத் தரையில் வைத்து எதிரே குந்திக்கொள்வார். தண்ணீர் கலந்திருந்தால் பத்து நிமிடத்தில் அடியில் தங்கிவிடும். தெளிவாக இருந்தாலும் விடமாட்டார். இரண்டு சொட்டை இடது உள்ளங்கையில் விட்டுத் தேய்த்து மோந்து பார்ப்பார். சட்டென்று காய்ந்தால் மண்ணெண்ணெய் கலப்பு. வலது கையில் மட்டும் டீசல் படக்கூடாது. "சாப்புடுற கைங்க அது" என்பார்.

மன்னார்புரம் பக்கத்து பங்கில் டீசல் அடிக்கும் சுபஸ்ரீக்கு அவருடைய கேள்விகள் மனப்பாடம். "டேங்கர் வந்து இறக்கிட்டுப் போயி மூணு மணி நேரம் ஆச்சுண்ணே, கசடெல்லாம் அடங்கியிருக்கும்" என்று அவர் வாய் திறக்கும் முன்பே சொல்லிவிடுவாள்.

அவர் ஓட்டுவது அமரர் ஊர்தி. சொந்தக்காரர் ஹபீபுல்லா. வேலைக்குச் சேர்ந்த அன்று அழகிரி ஒரே ஒரு நிபந்தனைதான் வைத்தார்: டீசல் எங்கே போடுவது என்பதில் யாரும் தலையிடக்கூடாது. வேகத்தடை வந்தால் பிள்ளைத்தாய்ச்சியை ஏற்றிப் போகிறவர்போல ஏற்றி இறக்குவார். "செத்தவங்களுக்கு என்னண்ணே அவசரம், எந்த டீசலா இருந்தா என்ன?" என்று பங்கில் ஒருவன் சிரித்தபோது அவர் சிரிக்கவில்லை. "அவங்களுக்கு இல்லைங்க. பக்கத்துல ஒருத்தர் உக்காந்து வர்றாங்கல்ல, அவங்களுக்கு."

நான்கு வருடங்களுக்கு முன்பு அவர் நவநீதன் என்பவரிடம் வண்டி ஓட்டினார். ஷெட்டின் மூலையில் ஒரு நீல பேரல் வந்து இறங்கியது. பயோ டீசல், விலை குறைவு என்றார் நவநீதன். அழகிரி மூடியைத் திறந்ததும் பெயிண்ட் கடை வாடை முகத்தில் அடித்தது. "இது வண்டிக்கு ஆவாதுங்க" என்றார். "ஓட்டுறது உன் வேலை. போடுறத ஊத்தி ஓட்டு" என்றார் நவநீதன். அழகிரி தன் கையாலேயே ஊற்றினார்.

அன்று மதியமே தொட்டியத்துக்குச் சவாரி. காய்ச்சலில் இறந்துபோன ஏழு வயதுப் பெண் குழந்தை. குளிர்ப்பெட்டியை ஒட்டித் தாய் பிரேமலதா, முன் இருக்கையில் தகப்பன். சித்திரை வெயில். குணசீலம் தாண்டியதும் வண்டி இரண்டு முறை இருமியது. மூன்றாவது முறை நின்றுவிட்டது. எஞ்சின் நின்றால் பெட்டியின் குளிரும் நின்றுவிடும்.

ஃபில்டரைக் கழற்றினார். கறுப்பாகக் கூழ் வழிந்தது. துடைத்தார், டியூபில் வாய் வைத்து உறிஞ்சித் துப்பினார், மறுபடி மாட்டினார். செல்ஃப் அடித்து அடித்து பேட்டரியும் இறங்கியது. வேறு வண்டி கேட்டு போன் போட்டார், நவநீதன் எடுக்கவில்லை. உள்ளே பிரேமலதா பெட்டியின் மூடியைத் திறந்துவைத்துக்கொண்டு முந்தானையால் விசிறிக்கொண்டிருந்தாள். அவள் அவரைத் திட்டவில்லை. "அண்ணே, கிளம்பிடுமாண்ணே?" என்று மட்டும் கேட்டாள். ஒன்றரை மணி நேரத்தில் அதை எத்தனை முறை கேட்டாள் என்று அவருக்குத் தெரியாது. ஒவ்வொரு முறையும் "இந்தா ஆயிரும்மா" என்றார். ஆகாது என்பது கூழைப் பார்த்தபோதே அவருக்குத் தெரிந்திருந்தது.

கடைசியில் வாழைத்தார் ஏற்ற வெறுமனே போன ஒரு மினி லாரி நின்றது. அடியில் கிடந்த வாழைச்சருகின் மேல் துணி விரித்து, புருஷனோடு ஏறி, மகளை மடியில் கிடத்திக்கொண்டு போனாள் அந்தத் தாய். காலி வண்டியோடு ரோட்டில் நின்ற அழகிரி, சாயங்காலம் மெக்கானிக் வரும்வரை நிழலுக்குக்கூட ஒதுங்கவில்லை. மறுநாள் சாவியை நவநீதனின் மேஜைமேல் வைத்துவிட்டு வந்துவிட்டார். வீட்டில் மயிலம்மாள் காரணம் கேட்டதற்கு, "வேணாம்னு தெரிஞ்சே ஊத்திட்டேன்" என்றார். அதற்குமேல் அதைப் பற்றி மனைவியிடமும் பேசியதில்லை.

போன ஆடியில் ஹபீபுல்லா ஒரு சவாரி சொன்னார்: பெரியவர் ஒருத்தர், ஆஸ்பத்திரியிலிருந்து தொட்டியம். பிணவறை வாசலில் வண்டியைத் திருப்பி நிறுத்தி இறங்கினால், எதிரே பிரேமலதா. இறந்தவர் அவளுடைய மாமனார். முடியில் நரை விழுந்திருந்தது. அவளும் அவரை அடையாளம் கண்டுகொண்டாள்.

"இந்தத் தடவ நிக்காதுங்களே?" என்றாள்.

நிற்காது என்று அவர் சொல்லவில்லை. "காலைல நானே பாத்துப் போட்டதும்மா" என்றார்.

குணசீலம் வந்தபோது கண்ணாடியில் பார்த்தார். அவள் முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். எந்த இடம் என்று இருவருக்கும் தெரியும். வண்டி அந்த இடத்தைக் கடந்து போனது, முசிறியும் போனது.

தொட்டியத்தில் பெரியவரை இறக்கி உள்ளே கொண்டுபோனார்கள். பிரேமலதாவும் திரும்பிப் பார்க்காமல் போய்விட்டாள். பறைச் சத்தம் தொடங்கியது. "என்னங்க, வண்டிய ஆஃப் பண்ணலாமே, டீசல் வீணாப் போவுது" என்றார் பந்தல் போட வந்தவர்.

அழகிரி வண்டியை அணைக்கவில்லை. கொதிக்கும் பானட்டின்மேல் வலது கையை விரித்து வைத்து, அடியில் எஞ்சின் அதிர்வதைத் தொட்டபடியே நின்றுகொண்டிருந்தார்.